நாற்பது நம்பர் ஆயில்

அருப்புக்கோட்டை கார் ஸ்டாண்டில் அன்றைக்குக் காலை பத்து மணிவரை ஒரு சவாரியும் வரவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, அமிர்தராஜ் ஆயில் பார்க்கிற கம்பியை உருவினார். துணியில் துடைத்து உள்ளே விட்டு, மறுபடி உருவி வெயிலுக்கு நேரே பிடித்தார். நுனியில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். வழுவழுப்பு என்று பேருக்குக்கூட இல்லை. மோந்து பார்த்தார். கருகல் வாடையோடு பெட்ரோல் வாடையும் சேர்ந்து அடித்தது.

"போச்சு, செத்துப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தொன்பது வருஷமாக அவர் கையில் ஓடுகிற வண்டி. பஞ்சுக் கமிஷன் கடை வெள்ளத்துரை அதைப் புதுசாக எடுத்த அன்றைக்கு மாலை போட்டு ஓட்டி வந்ததே அமிர்தராஜ்தான். அதன் மீட்டர் நின்றுபோய் ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்தில் முள் படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவில்லை. மீட்டர் மாற்றுவது வீண் செலவு என்று முதலாளி சொல்லிவிட்டார். மீட்டர் நின்றால் என்ன, வண்டி நிற்கவில்லையே! அன்றிலிருந்து அமிர்தராஜ்தான் மீட்டர். மதுரை போய் வந்தால் நூறு, நரிக்குடி என்றால் எழுபது, காரியாபட்டி ஐம்பது, திருச்சுழி முப்பது. கோயிலில் கொடுக்கிற பாக்கெட் காலண்டரில், அந்தந்தத் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் அன்றைய ஓட்டத்தை எழுதி வைப்பார். மூவாயிரம் சேர்ந்தால் ஆயில் மாற்ற வேண்டும். புது எஞ்சின் என்றால் மேற்கொண்டு ஆயிரம் இரண்டாயிரம் தாங்கும். இது மூன்றரை லட்சத்தைத் தாண்டிய உடம்பு.

காலண்டரை எடுத்து ஆடி மாதத்திலிருந்து கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். நாலாயிரத்து இருநூறு வந்தது.

வண்டியைக் கிளப்பி, விருதுநகர் ரோட்டில் இருக்கும் கோட்டைச்சாமியின் பட்டறைக்கு விட்டார். கோட்டைச்சாமி மெக்கானிக், அமிர்தராஜுக்கு வாலிப காலத்துச் சிநேகிதன். வண்டி உள்ளே நுழையும்போதே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டில் ஆயில் லைட்டு, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது சிவப்பாகக் கண்ணடித்தது.

"ஏலே அமிர்தம், எத்தன நாளா இந்த லைட்டு மினுங்குது?"

"நாலஞ்சு நாளா."

"வெளங்கும். உள்ள பேரிங்கு காய ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரத்துக்குள்ள ஆயில மாத்து. நாப்பது நம்பர் ஊத்து, கெட்டியா. பில்டரு புதுசு போடு. செஞ்சேன்னா இன்னும் ரெண்டு வருசம் ஓடும். இல்லேன்னா மதுர ரோட்ல எங்கயாச்சும் எஞ்சின் ராடு ஒடஞ்சு வெளிய வந்துரும். அப்பறம் என்னையக் கூப்புடாத, பழைய இரும்பு எடைக்கு எடுக்குறவனக் கூப்புடு."

எடைக்குப் போடுகிற பேச்சைக் கேட்டதும் அமிர்தராஜ் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். போன மாதம்தான் வெள்ளத்துரை சொல்லியிருந்தார், இனி இந்த எஞ்சின் ரிப்பேருக்கு ஒத்தப் பைசா போட மாட்டேன், நின்றால் நின்ற இடத்திலேயே விற்றுவிடுவேன் என்று. வண்டி போனால் அமிர்தராஜின் பிழைப்பும் போச்சு. ஐம்பத்தைந்து வயசு. ஸ்டாண்டில் இருக்கிற மற்ற முதலாளிகள் எல்லாரும் இருபத்தைந்து வயசுப் பையன்களாகத் தேடுகிறார்கள். கண்ணாடி போட்ட டிரைவரைப் பார்த்தாலே சவாரிக்காரன் யோசிக்கிறான்.

முதலாளி வீட்டு முன்கூடத்தில் வெள்ளத்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. ஆளைத் திட்ட மாட்டார், கேள்விதான் கேட்பார். அதற்குத் திட்டே தேவலை என்று தோன்றும்.

"என்ன அமிர்தராஜு, சவாரி இல்லையா?"

"ஆயிலு மாத்தணும் மொதலாளி. நாலு லிட்டரும் ஒரு பில்டரும்."

"ஆடியிலதான மாத்துனோம்?"

"ஆமா. ஆனா ஓட்டம் சாஸ்தி ஆயிருச்சு. நாலாயிரத்து எரநூறு."

வெள்ளத்துரை பேப்பரை மடித்து வைத்தார். "மீட்டருதான் ஓடலையே. யாரு சொன்னா நாலாயிரத்து எரநூறுன்னு?"

இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்தவர் போல அமிர்தராஜ் சட்டைப்பையிலிருந்து காலண்டரை எடுத்து நீட்டினார். ஒரு தேதி விடாமல் எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்ற பெருமை அவருக்கு. அந்தப் பெருமைதான் கெடுத்தது. வெள்ளத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து சவாரி நோட்டை எடுத்தார். எந்தத் தேதி எந்த ஊர் என்று சவாரி முடிந்ததும் அமிர்தராஜ் சொல்லச் சொல்ல அவரே எழுதி வைத்திருக்கிற நோட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார்.

"என் நோட்டுப்படி ரெண்டாயிரத்து எழுநூறுதான வருது. மீதி ஆயிரத்தஞ்ஞூறு எங்க ஓடுச்சு?"

அப்போதுதான் அமிர்தராஜுக்கு உறைத்தது. அடப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அந்த ஆயிரத்தைந்நூறு ஜெயக்குமார் ஓட்டியது. முதலாளியின் ஒரே மகன். காலேஜை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். வெள்ளத்துரை பஞ்சு விலை பேச தூத்துக்குடி, கோயம்புத்தூர் என்று கிளம்பின மறு நிமிஷம், சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவான். சீசனுக்குக் குத்தாலம் ஒரு தடவை, கொடைக்கானல் ஒரு தடவை, ராமேஸ்வரம் ஒரு தடவை, மதுரைக்குக் கணக்கில்லை. சாவியைக் கொடுக்கச் சொன்னது முதலாளியம்மா சுந்தராம்பாள். "சின்னப் பிள்ளை, ஆசப்படுறான் அமிர்தராஜு. அவுக காதுக்கு மட்டும் போயிறக் கூடாது" என்றார். சரிம்மா என்று அமிர்தராஜ் கொடுத்தார். முதலாளியிடம் சொல்லவில்லை. ஆனால் தன் காலண்டரில் எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை. யார் ஓட்டினாலும் எஞ்சின் தேயத்தானே செய்கிறது?

உள்கட்டு நிலைப்படியில் சுந்தராம்பாள் வந்து நின்றிருந்தார். அமிர்தராஜை நேராகப் பார்த்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டல்ல தப்பாயிருக்கும் மொதலாளி" என்றார் அமிர்தராஜ். "கண்ணு செரியாத் தெரியல. ஒன்னு ரெண்ட ரெண்டு தடவ எழுதிருப்பேன் போல."

"ஆயிரத்தஞ்ஞூறு தப்பாவா?"

"ஆமா மொதலாளி."

வெள்ளத்துரை சவாரி நோட்டை மூடினார். பிறகு காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப ஆயிலுக்கு இன்னும் நேரம் வரலையே. ரெண்டாயிரத்து எழுநூறுதான? தைக்கு மாத்திக்கலாம். பில்டர மண்ணெண்ணெயில கழுவிப் போடு, போதும்." பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டே சிரித்தார். "பழைய ஆயிலுக்கு ஆளு சொல்லி வச்சிருக்கியோ? கொத்தனாரு யாரும் அவசரப்படுத்துறானா?"

வண்டியிலிருந்து இறக்குகிற கழிவு ஆயில் டிரைவருக்கு என்பது ஊர் வழக்கம். கட்டட வேலைக்காரர்கள் காங்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் பலகையில் தடவ வாங்கிப் போவார்கள். நாலு லிட்டர் கழிவில் இரண்டு வேளை டீச்செலவு தேறும், அவ்வளவுதான். அதற்காகத்தான் அடிக்கடி ஆயில் மாற்றச் சொல்கிறான் என்று இத்தனை வருஷமும் இவர் மனதுக்குள் வைத்திருந்தாரா? அமிர்தராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்த ஆயில நீங்களே வச்சுக்கங்க மொதலாளி" என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். சுந்தராம்பாள் நின்றிருந்த நிலைப்படியில் இப்போது யாரும் இல்லை.

அடுத்த நாள் திருச்சுழிக்கு ஒரு சவாரி. திரும்பி வரும்போது லைட்டு மினுங்கவில்லை, நின்று எரிந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில், மாட்டுவண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வழி நெடுக வாயில் செபம்.

வீட்டில் தெரசாள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ராத்திரிவரை அவள் கை ராட்டையை விட்டு இறங்காது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னார். அடுத்துக் கேட்கப் போவதையும் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு மகள் ஈவாவுக்குத் துணி எடுக்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் வேண்டும்.

"யாரு காருக்கு யாரு எண்ண ஊத்துறது?" என்றாள் தெரசாள். "நல்லா இருக்கே கத! அந்தப் பய ஊர் சுத்துவான், ஆத்தாக்காரி மூடி மறைப்பா, எம்மக துணியில்லாம பூசைக்குப் போகணுமா?"

"வண்டி நின்னா நான் நிக்கணும் தெரசா."

"உள்ளதச் சொல்லிருக்கலாம்ல? இந்த மாதிரி ஒங்க மகன்தான் ஓட்டுனாருன்னு?"

"அந்தம்மா மொகத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல."

"ஆமா, அந்தம்மா மொகம். எங்க மொகம் மட்டும் தகரத்துலயா அடிச்சிருக்கு?"

பேசிக்கொண்டே எழுந்து போனாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, துணிமுடிச்சை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். திரும்பப் போய் ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். அவ்வளவு வேகமாக அவள் ராட்டை சுற்றி அமிர்தராஜ் பார்த்ததில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை சங்கர் சின்ன வயசுக்காரன், வாயாடி. அமிர்தராஜைப் பார்த்ததும் புது டின் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இது புதுசா வந்திருக்குண்ணே. மாருதி வச்சிருக்கவுக எல்லாம் இதத்தான் கேக்குறாக. தண்ணி மாதிரி ஓடும்."

"தண்ணி மாதிரி ஓடுறது புது எஞ்சினுக்குச் சரிப்பா. இது உள்ள தேஞ்சு சந்து சந்தாக் கெடக்கு. இத ஊத்துனா ஒரு நிமிசம் நிக்காது, அம்புட்டும் பொகையாப் போயிரும். கெட்டியா இருந்தாத்தான் சந்துல உக்காந்து தாங்கும். நாப்பது நம்பரு குடு."

"பேரல்ல லூசு ஆயில் இருக்கு. பாதி வெலதான்."

அமிர்தராஜ் பேரல் குழாயில் விரலை வைத்து ஒரு சொட்டு எடுத்து மோந்தார். "இது ஏற்கெனவே ஒரு லாரி வயித்துக்குள்ள போய்ட்டு வந்த ஆயில்ல?"

சங்கர் சிரித்துவிட்டான். "ஒங்ககிட்ட ஒன்னும் தள்ள முடியாதுண்ணே."

சீல் உடையாத நாற்பது நம்பர் டின் நாலு. அப்புறம் பில்டர். சங்கர் இரண்டு எடுத்து வைத்தான். பார்க்க ஒரே அச்சு. ஒன்று மற்றதில் பாதி விலை. அமிர்தராஜ் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தார். விலை குறைந்ததில் காகித மடிப்பு தள்ளித் தள்ளி இருந்தது. கட்டைவிரலால் அமுக்கினார், பொசுக்கென்று உள்ளே போனது. சூட்டில் இந்தக் காகிதம் நாலு நாளில் ஊறிக் கிழியும். கிழிந்த துண்டு போய் ஆயில் வழியை அடைக்கும். இதைப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். மற்றதை அமுக்கினார், விரலை எதிர்த்தது. ஓரத்து ரப்பர் வளையத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். துணிமுடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினார்.

"முதலாளி கணக்குல எழுதலையா?" என்று சங்கர் கேட்டான்.

"இல்ல. இது கைக்காசு."

அன்று மதியம் கோட்டைச்சாமி பட்டறையில் வண்டியை ஏற்றி நிறுத்தி அடி நட்டைக் கழற்றினார்கள். இறங்கினது ஆயிலே இல்லை, கருத்த தண்ணீர். பழைய பில்டரை வெளியே எடுத்ததும் கோட்டைச்சாமி அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். களி கிண்டி அடைத்து வைத்த மாதிரி இருந்தது. அமிர்தராஜ் பில்டர் குடுவையைத் துடைத்துத் துடைத்துப் புது பில்டரை உட்கார வைத்தார். டின்னைத் திறந்து ஊற்றும்போது ஆயில் அறுபடாமல் தங்கக் கம்பியாக இறங்கியது. எஞ்சினைக் கிளப்பினார்கள். முதலில் இரண்டு டொக்கு. பிறகு லைட்டு அணைந்தது. சத்தம் அமுங்கி அமுங்கி, ஒரே சீராக நின்றது.

"பொழச்சுக்கிட்டா" என்றார் கோட்டைச்சாமி. அமிர்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்தார்.

இருபது நாள் நிம்மதியாகப் போனது. மதுரைக்கு நாலு தடவை போய் வந்தார். லைட்டு தலைகாட்டவே இல்லை.

இருபத்தோராம் நாள் காலையில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். முன்கூடத்தில் வெள்ளத்துரை, பக்கத்தில் ஜெயக்குமார், நிலைப்படியில் சுந்தராம்பாள். மேஜைமேல் சவாரி நோட்டு.

"ஒக்காரு அமிர்தராஜு" என்றார் வெள்ளத்துரை. பத்தொன்பது வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னதே இல்லை. அமிர்தராஜ் நின்றுகொண்டே இருந்தார்.

"நேத்து சங்கர் கடைக்குப் போயிருந்தேன். பெருமையாச் சொல்றான். ஒங்க டிரைவரு பில்டர அமுக்கி அமுக்கிப் பாத்து வாங்குறாருண்ணாச்சி, நாலு டின்னு நாப்பது நம்பர கைக்காசுல வாங்கிட்டுப் போனாருண்ணாச்சின்னு. நெசமா?"

"நெசந்தான் மொதலாளி."

"எதுக்கு?"

"எஞ்சின் போயிரும்னு கோட்டைச்சாமி சொன்னாரு. நீங்க தைக்குன்னு சொல்லிட்டீக. அதான்…"

"என் வண்டிக்கு ஒங் காசப் போட்டிருக்க." வெள்ளத்துரை மெதுவாகத் தலையாட்டினார். "எந்த டிரைவராச்சும் செய்வானா? நான் ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டாயிரத்து எழுநூறுல ஆயிலு சாகாது. நாலாயிரத்து எரநூறுல சாகும். ஒங் காலண்டரு பொய் சொல்லல, நீதான் பொய் சொன்ன. கூட்டல்ல தப்புன்னியே, ஒனக்கே நாலாயிரத்து எரநூறு நெசம்னு தெரிஞ்சதாலதான ஓடிப் போயி ஆயிலு வாங்குன? எனக்குத் தெரியாம ஆயிரத்தஞ்ஞூறு கிலோமீட்டரு சவாரி அடிச்சிருக்க. அந்தக் காசுதான் அந்த ஆயிலு."

அமிர்தராஜ் அதை மனசுக்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஓட்டை இல்லை. எல்லாம் சரியாகத்தான் கூட்டியிருக்கிறார், ஓட்டியவன் பெயர் மட்டும் தப்பு. அமிர்தராஜ் ஜெயக்குமார் பக்கம் திரும்பினார்.

"தம்பி. நீங்களே சொல்லுங்க தம்பி."

ஜெயக்குமார் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தான். "என்னத்தச் சொல்லச் சொல்றீக?"

"குத்தாலம் போனது, கொடைக்கானல் போனது… நீங்கதான தம்பி வண்டிய எடுத்தீக? மொதலாளி, சத்தியமாச் சொல்றேன். தம்பி ஓட்டுனது அது. அம்மாவுக்குத் தெரியும். அம்மாதான் சாவியக் குடுக்கச் சொன்னாக."

வெள்ளத்துரை மனைவியைப் பார்த்தார். மனைவி மகனைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்திருந்தது. அடுத்த மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

"அய்யோ" என்றார் சுந்தராம்பாள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அது பொய்க் கண்ணீர் இல்லை. "பத்தொம்பது வருசம் நம்ம வீட்ல பொழங்குன மனுசன். மாட்டிக்கிட்டோம்னு பிள்ள மேல பழியப் போடலாமா?"

அந்த அம்மாவின் முகத்தை அமிர்தராஜ் பார்த்துக்கொண்டே நின்றார். இனி என்ன சொல்ல இருக்கிறது? காக்கிச் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து நோட்டின்மேல் வைத்தார்.

"போலீசுக்கெல்லாம் போகல" என்றார் வெள்ளத்துரை. "போயிட்டு வா."

வாசற்படி இறங்கினவர், திரும்பி நின்றார். "புது ஆயிலு ஊத்தி எழுநூறுதான் ஓடியிருக்கு மொதலாளி. மூவாயிரம் ஆகவும் மறுபடி மாத்திருங்க. நாப்பது நம்பரே ஊத்துங்க, மெல்லிசு வேணாம்."

சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறைத்துச் சவாரி அடித்தவன் என்று பேர் விழுந்தால் அந்த ஸ்டாண்டில் யார் சாவி கொடுப்பார்கள்? இரண்டு முதலாளிகளிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வயசைச் சொன்னார், இன்னொருவர் எதையும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தார். தெரசாள் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று கத்தப் போவதாகக் கிளம்பினாள். கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு ஈவா பழைய தாவணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அமிர்தராஜுக்கு ஆறியிருக்கும்.

தை பிறந்ததும் கோட்டைச்சாமி தன் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மெக்கானிக் வேலை இல்லை. லாரிகளுக்கு அடியில் படுத்து ஆயில் இறக்குவது, சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது. "மனசுல வச்சுக்காதலே, ஒரு வழி பொறக்கட்டும்" என்றார் கோட்டைச்சாமி. கூலி தினக்கூலி.

அப்படி ஒரு நாள் மத்தியானம், நெல் லாரி ஒன்றுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். அடி நட்டைத் தளர்த்தும்போது பட்டறை வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்ணால் பார்க்கவே வேண்டாம். ஒரே சீரான சத்தம், ஒரு டொக்கு இல்லை. அமிர்தராஜின் கை நட்டிலேயே நின்றுவிட்டது.

லாரிச் சக்கரங்களுக்கு நடுவில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. கரை வேட்டியும் தோல் செருப்பும் வெள்ளத்துரை. டயர்ச் செருப்பு யாரென்று பேச்சில் தெரிந்தது. நரிக்குடிப் பக்கம் ஆட்டு வியாபாரி, பெயர் சோணைமுத்து. வண்டியை விலைக்குப் பார்க்க வந்திருக்கிறார்.

"பையனுக்கு மாருதி வேன் எடுத்தாச்சு" என்றது வெள்ளத்துரையின் குரல். "ரெண்டு மாசமா இது சும்மாதான் நிக்கிது. பானெட்டத் தொறந்து நீங்களே பாருங்க. கோட்டைச்சாமிய வச்சுச் சோதிச்சுக்கங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல."

பானெட் தூக்குகிற சத்தம் கேட்டது. கம்பி உருவுகிற சத்தமும் கேட்டது.

"ஆத்தாடி!" என்றார் சோணைமுத்து. "ஆயிலு கருப்பட்டிப் பாகு மாதிரில்ல இருக்கு! மூனரை லட்சம் ஓடுன வண்டின்னா நம்ப முடியலையே அண்ணாச்சி."

"ஆயிலு விசயத்துல நான் கணக்குப் பாக்குறதே இல்ல. நாப்பது நம்பரு, சீல் ஒடையாத டின்னு. பில்டரு ஒரிஜினல்தான் போடுவேன். என்ன கோட்டைச்சாமி?"

பக்கத்தில் வந்து நின்றிருந்த கோட்டைச்சாமியின் வெறுங்கால் ஒன்று மண்ணில் அங்கேயும் இங்கேயும் தேய்ந்தது. வெள்ளத்துரையின் பஞ்சுக் கடை லாரி மூன்றும் இந்தப் பட்டறைக்குத்தான் வருகிறது.

"ஆமண்ணாச்சி" என்றார் கோட்டைச்சாமி.

"வண்டிய யாரு ஓட்டுனது?" என்று கேட்டார் சோணைமுத்து. "டிரைவரும் கிடைச்சா எனக்குத் தோதா இருக்கும்."

"அவன் வேணாம். கை சுத்தமில்லாத பய, வெளியேத்திட்டேன். இந்த எஞ்சின அவன்கிட்ட இருந்து காப்பாத்துனதே பெரும்பாடு."

லாரிக்கு அடியில் நட்டு கழன்று வந்துவிட்டது. சூடான ஆயில் அமிர்தராஜின் உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. கையை எடுக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"கம்பிய வாங்கிச் செருகுனதுல கையெல்லாம் ஆயிலாயிருச்சு" என்றது வெள்ளத்துரையின் குரல். தோல் செருப்பு லாரிப் பக்கம் திரும்பி இரண்டடி வந்தது. "யாருப்பா கீழ? ஒரு துணி குடு."

அமிர்தராஜ் தோளில் கிடந்த துணியை உருவினார். முழங்கைவரை கருத்த கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே நீட்டினார். வெள்ளத்துரை குனியவில்லை. துணியை வாங்கி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகக்கண்ணையும் துடைத்தார். பிறகு துணியை லாரிக்கு அடியில் வீசிவிட்டு விலை பேசப் போனார்.